மாமியார் ஆட்டத்துக்கு எடுத்துப்போன மாற்றுப் பாவாடை

பெலி கமென்
நவம்பர் 14

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நாய் சுகம், நான் சுகமாகவும் உலர்ந்தும் இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அதேபோல இருக்க வேண்டும் என்று புனித யோவானை வேண்டிக்கொள்கிறேன், உலர்ந்து என்பதையும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன், ஏன் என்று போகப்போக உனக்கே விளங்கும். இதையெல்லாம் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் உனக்குக் குழந்தை அழும், அடுப்பில் பால் பொங்கும், "சரிம்மா சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கல்யாணப் போட்டோக்களோடு சேர்த்து அனுப்புகிறேன், முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் போட்டோவைப் பார்.

உன் தம்பி ஒக்னெனின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று ஊரே கேட்டது, மெல்பர்னில் இருந்து வருவதென்றால் பக்கத்துத் தெருவில் இருந்து வருவது போலவா என்று உனக்காக நானே எல்லோருக்கும் பதில் சொன்னேன், சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. மருமகள் கட்டரினாவுக்குப் பல்வரிசை அழகு, மூளையைப் பற்றி இன்னும் தெரியவில்லை. நிஷ் நகரத்துச் சம்பந்தியம்மாள் நம் வீட்டு ராக்கியா சாராயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு "வீட்டுல காய்ச்சினதா, தெரியுது" என்றாள், நான் "உங்க பொண்ணும் வீட்டுல வளந்ததா, தெரியுது" என்றேன், இருவரும் முத்தம் கொடுத்துக்கொண்டோம். அதெல்லாம் போகட்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ எனக்கு அனுப்பினாயே ஒரு செய்தி, அதற்குத்தான் இந்தப் பதில். "அம்மா, மாமியார் ஆட்டத்தை அத்தையே முன்னால நின்னு ஆடட்டும், உனக்கு எதுக்கு வீண் சங்கடம், நீ உக்காந்து கை தட்டு, அதுவும் அழகுதான்." கடைசியில் ஒரு சிவப்பு இதயம் வேறு போட்டிருந்தாய். மாப்பிள்ளையைப் பெற்றவள் கைகோத்து ஆடுகிற சங்கிலிக்கு முதல் ஆளாக நின்று, எல்லோரையும் பின்னால் இழுத்துக்கொண்டு ஆடுவது மாமியார் ஆட்டம். பிள்ளைக்கு ஒரு தடவைதான் அது வரும். எனக்கு ஒரே பையன். என் பிள்ளை கல்யாணத்தில் என் இடத்தில் என் நாத்தனார் நிற்க நான் சுவரோரம் உட்கார்ந்து கை தட்ட வேண்டுமாம், அது அழகாம்.

இது எனக்கு எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். மாதவிலக்கு நின்ற மறு வருஷம் ஆரம்பித்தது. முதலில் தும்மினால் ஒரு சொட்டு. அப்புறம் இருமினால், சிரித்தால், மூட்டையைத் தூக்கினால். அப்புறம் வாசல் கதவில் சாவியைப் போட்டால் போதும், சாவி திரும்புவதற்குள் கீழே திறந்துகொள்ளும். நீ பெரிய தலையோடு பிறந்தவள், கிழித்துக்கொண்டுதான் வந்தாய், அதை இத்தனை வருஷமாக நான் சொல்லிக் காட்டியதில்லை, இப்போது சொல்லிக் காட்டுகிறேன். போன வருஷம் ஆகஸ்டில் நீ பிள்ளைகளோடு வந்திருந்தபோது ஒருநாள் காலையில் மெத்தையைக் கொல்லையில் வெயிலில் சாத்தி வைத்தேன், சின்னவன் நனைத்துவிட்டான் என்றேன். சின்னவன் உன்னோடு மாடியில் அல்லவா படுத்திருந்தான். நீ என்னைப் பார்த்தாய், அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை என்னிடமே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நீ அதைத் தூக்கிக்கொண்டு நேரே உன் தெசாங்கா அத்தை வீட்டுக்குப் போனாய். எனக்கு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் செய்கிற நீ அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்கிறாய், அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை, இருக்கிறது.

உன் அத்தையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பாவுக்கு அக்கா, அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக என் சமையலறையில் டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்க்கிறவள். கூர்மையான நாக்கு, கோணல் கை. கையில் எதை எடுத்தாலும் மடியில் கொட்டிக்கொள்வாள், உன் ஞானஸ்நான விருந்தில் சூப், தாத்தாவின் துக்கத்தில் காப்பி, ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஏதாவது ஒன்று. "எங்க அக்கா கொட்டிட்டா, இனிமே தைரியமா சாப்பிடலாம்" என்று உன் அப்பா சொல்வார், அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டே உடை மாற்றப் போவாள். அவள்தான் எனக்கு வைத்தியம் பார்க்க வந்தாள். "சின்ன வயசுல தேவாலயப் படிக்கட்டுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிச்சியே, அன்னிக்கு ஏறின குளிர்டீ இது, இப்பத்தான் இறங்குது" என்றாள். கல்லில் உட்கார்ந்து ஏறிய குளிரைச் சூடான கல்லில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டுமாம். செங்கல்லை அடுப்பில் சுட்டு, ஆட்டுக் கம்பளியில் சுற்றி அதன் மேல் உட்காரச் சொன்னாள், அரிக்கிற கம்பளியில் உள்ளாடை தைத்துக் கொடுத்தாள், பார்ஸ்லி வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள், தண்ணீரைக் குறைக்கச் சொன்னாள். நானும் ஜனவரி வரைக்கும் கோழி மாதிரி அந்தச் செங்கல்லை அடைகாத்தேன். பார்ஸ்லி கஷாயம் இன்னும் வேகமாகப் போக வைத்தது, தண்ணீரைக் குறைத்ததில் நீர்க்கடுப்பு வந்தது, பின்பக்கம் கொப்புளம் வந்தது, கசிவு மட்டும் அப்படியே இருந்தது. உன் அப்பா காலையில் எழுந்ததும் "திமோக் ஆறு ராத்திரி எவ்வளவு ஏறிச்சு?" என்று கேட்பார். அப்புறம் பக்கத்து அறைக்குப் படுக்கப் போய்விட்டார், அங்கே கணப்பு நன்றாக எரிகிறதாம்.

ஜனவரியில் நம் வீட்டுப் புனிதர் திருநாள். மேஜை நிறைய விருந்தாளிகள், கட்டரினா முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், மெழுகுவர்த்தி ஏற்றி ரொட்டியை வெட்டியாகிவிட்டது, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் கடைசியாக உட்காரப் போனேன். தெசாங்கா எழுந்து ஓடிப் போய் ஒரு நைலான் பையை எடுத்துவந்து என் நாற்காலியில் விரித்தாள், விரித்துக் கையால் நீவி வேறு விட்டாள். "இரு இரு, ஒக்னென் இப்பத்தான் நாற்காலிக்கெல்லாம் புதுத் துணி போட்டிருக்கான், ஊறிடக் கூடாது பாரு" என்றாள். சிரிக்காதவர்கள் யார் என்று பார்த்தேன், அப்படி யாரும் இல்லை. உன் தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அவன் தோள் குலுங்கியது. நாற்காலி ஊறும் என்று யார் உனக்குச் சொன்னது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "உன் பொண்ணேதான் சொன்னா, பாவம், அம்மா மேல ஒரு வாடை வருது அத்தை, எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு அழுதா" என்றாள் அத்தனை பேர் முன்னாலும். நான் அந்தப் பையின் மேல் உட்கார்ந்தேன். அசைந்தால் சரசரத்தது, அதனால் சாப்பிட்டு முடியும்வரை அசையாமல் இருந்தேன். அவளோ சிரித்த சிரிப்பில் சிவப்பு ஒயினை மடியில் கவிழ்த்துக்கொண்டு உடை மாற்ற ஓடினாள், அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், சிரித்ததும் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத்தான் தெரியுமே. அந்தப் பை பயன்பட்டது.

மறுவாரம் சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஐம்பத்தாறு வயசுல இன்னும் என்ன எதிர்பாக்கறீங்க, நாப்கின் வெச்சுக்கங்க" என்றார். நான் அவர் கதவை அறைந்து சாத்தினேன், சாத்திய வேகத்தில் முழங்கால்கள் இரண்டும் தாமாக ஒட்டிக்கொண்டன, வராந்தாவில் சிகரெட்டோடு நின்ற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். "அந்த முழங்கால் எனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை வா" என்றாள். அவள்தான் ஸோரா, பிசியோதெரபிஸ்ட், சிகரெட் இருமலில் அவளுக்கும் அதேதான் இருந்ததாம். கைக்குழந்தைகளுக்கு எடை பார்க்கிற அறையில் பாய் விரித்து, இதே தொல்லையுள்ள எங்கள் எல்லோரையும் படுக்கப் போட்டாள், சுவரெல்லாம் சிரிக்கிற குழந்தைப் படங்கள், எங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கிய கூட்டம் மேலே இருந்து பார்த்துச் சிரித்தது. என் ஒரு பக்கம் பாதிரியார் மனைவி அஞ்சேலியா, மறுபக்கம் உனக்குக் கணக்கில் முட்டை போட்டாளே அந்த டீச்சர், அவளும் சொட்டுகிறாள் என்பது உனக்கு ஆறுதலாக இருக்கலாம். ஸோராவுக்கு மரியாதை தெரியாது. "உங்க மூத்திரப்பை, கருப்பை எல்லாம் ஒரு ஊஞ்சல்ல உக்காந்திருக்கு. பிள்ளை பெத்ததுல பாதி தொய்ஞ்சுது, விலக்கு நின்னதுல மீதி தொய்ஞ்சுது. அதை நீங்கதான் இழுத்துக் கட்டணும், நான் உள்ளே வந்து கட்ட முடியாது" என்றாள். எப்படி இழுப்பது என்று கேட்டோம். "சம்பந்தி எதிர்ல உக்காந்திருக்கீங்க, காத்து பிரியப் பாக்குது, என்ன பண்ணுவீங்க? அதையே பண்ணுங்க, அப்படியே முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே இழுத்து மேலே தூக்குங்க" என்றாள்.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் பல வாரம் தப்பாகவே செய்தேன், மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருந்தேன், கசிவு கூடியது. ஸோரா என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு "பிரசவம் பாக்கவா வந்தே? முக்காதேடீ, இழு!" என்று கத்தினாள், ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற ஆண்கள் கை தட்டினார்கள். வயிறு சேரக் கூடாது, தொடை சேரக் கூடாது, பின்பக்கம் சேரக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. இழுத்துக் கொஞ்சம் நிறுத்தி மெதுவாக விட வேண்டும், விடுவதும் பாதி வேலை என்பாள். அது படிந்த பிறகு சட்டென்று இழுத்துச் சட்டென்று விடுவது, அது தும்மலுக்கும் இருமலுக்கும், தும்மல் வருமுன்னே நீ இழுத்திருக்க வேண்டும். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகலாமா என்று டீச்சர் கேட்டதற்கு "அப்படிப் பண்ணி இன்னொரு வியாதியையும் வாங்கிக்காதீங்க" என்றாள். தண்ணீரை ஒழுங்காகக் குடிக்கச் சொன்னாள். நான் செங்கல்லைப் பற்றிச் சொன்னபோது "எத்தனை செங்கல் இருக்கு, கோழிக்கூடு கட்டலாம்ல" என்றாள். தெசாங்காவுக்கு விஷயம் எட்டி, செவ்வாய்க்கிழமை தெருவில் என்னைப் பார்த்தால் "என்ன, இழுக்கப் போறியா?" என்று எதிர்ச்சாரியில் இருந்து கேட்பாள், ரொட்டிக் கடை வாசலில் நிற்பவர்கள் காதில் விழுகிற மாதிரி.

தவக்காலத்தில் வழி காட்டியவள் அஞ்சேலியா. தினமும் செய்ய மறந்துபோகிறது என்று நான் சொன்னேன், அவள் "நான் கோயில்ல நிக்கும்போதே முடிச்சுடறேன்" என்றாள். நீ அங்கே கோயிலுக்குப் போகிறாயோ என்னவோ, இங்கே வழிபாடு முடியும்வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும், உனக்கு நினைவிருக்கும். பாடகர்கள் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று தொடங்கியதும் நாங்கள் இழுப்போம், பாதிரியார் அடுத்த வரியைப் படிக்கும்போது விடுவோம், அதையே மூச்சு விடாமல் தொடர்ச்சியாகப் பாடுகிற இடம் வரும் அல்லவா, அங்கே சட்டுச் சட்டென்று இழுத்து விடுவது. இடதுபக்கப் பெண்கள் இந்தத் தவக்காலத்தில் மிகுந்த உருக்கத்தோடு ஜெபித்ததாகப் பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார், அஞ்சேலியா தலையைக் குனிந்துகொண்டாள். தெசாங்கா எனக்கு முன்வரிசையில்தான் நிற்பாள், ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி, பாதி வழிபாட்டில் மெழுகுவர்த்தி வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவாள். கோடை வந்தபோது நான் தும்மினேன், ஒன்றும் ஆகவில்லை. நம்பாமல் மிளகுப் பொடியை முகர்ந்து இன்னொரு தடவை தும்மினேன். சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. முழுசாக நின்றுவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், களைத்துப்போன நாளில் இன்னும் ஒரு சொட்டு உண்டு, ஆனால் மெத்தை வெயிலைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

செப்டம்பரில் நான் குடைமிளகாய் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது உன் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், உரிக்க உதவி செய்தான், அப்போதே தெரிந்தது ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று. "அம்மா, தப்பா எடுத்துக்காதே. கட்டரினா வீட்டுல வீடியோவுக்கெல்லாம் சொல்லியிருக்காங்க. மாமியார் ஆட்டத்தை அத்தை ஆடட்டுமே" என்றான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். தெசாங்கா அவனிடம் சொன்னாளாம், மாமியார் ஆட்டத்தில் சங்கிலி நடுவில் அறுந்தால் கல்யாணமும் அறும், உங்கம்மா பாதியில் கையை உதறிக்கொண்டு கக்கூசுக்கு ஓடினால் உன் கதி என்ன என்று. இப்போது எனக்குச் சரியாகிவிட்டது என்றேன். என்னை மெத்தையோடு சேர்த்துப் பார்த்தவன், எப்படி நம்புவான், "சரிம்மா, இருந்தாலும்" என்றான். நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன், அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எனக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். தெசாங்கா அதற்குள் வெளிர் ரோஜா நிறத்தில் சாட்டின் உடை தைக்கக் கொடுத்துவிட்டாள், மாப்பிள்ளையைப் பெற்றவள் நான், எனக்கு நீலப் பருத்தி போதும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். கடைசியாக உன் செய்தி வந்தது. கடைசிக் கூடை மிளகாய் மடியில் இருந்தது, அழுதேன், காரத்தால் என்று எழுத மாட்டேன், குடைமிளகாயில் காரம் ஏது. அழுது முடித்துக் கைகழுவிவிட்டு, சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜாடிகளுக்கு நடுவில் குதித்துக் குதித்து ஆடிப் பழகினேன், ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் இழு, கால் தரையில் பட்டதும் விடு. ஜாடிகள் கிணுகிணுத்தன, உன் அப்பா எலி என்று நினைத்து மருந்து வாங்கிவந்தார்.

கல்யாணத்தன்று கைப்பையில் ஒரு கறுப்புப் பாவாடையை மடித்து எடுத்துக்கொண்டேன், எனக்குத்தான், என்னை நானே அவ்வளவு நம்பவில்லை. மண்டபத்தில் கேக் வெட்டுமுன் அக்கார்டியன்காரன் மாமியார் ஆட்டத்தின் மெட்டை எடுத்தான், தெசாங்கா சாட்டினை நீவிக்கொண்டு எழுந்தாள், அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளுவதற்குள் நான் அக்கார்டியன்காரன் முன்னால் நின்று ஒரு பண நோட்டை அக்கார்டியனின் துருத்தி மடிப்பில் செருகிவிட்டேன். எவள் நோட்டுச் செருகினாளோ அவளுக்கே முன்னிடம், அதை மாற்ற உன் அத்தையாலும் முடியாது. உன் தம்பியின் முகம் வெளிறியது. நான் இடது கையை நீட்டி "வாங்க அண்ணி, என் கையைப் பிடிச்சுக்கங்க" என்று சம்பந்திகள் காதில் விழும்படி கூப்பிட்டேன். வந்தாள், வராமல் என்ன செய்வாள். வலது கையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன், எல்லோர் பார்வையும் என் நீலப் பாவாடையின் பின்பக்கத்தில்தான் இருந்தது, அது எனக்குத் தெரியும். ஒரு குதிப்புக்கு ஒரு இழுப்பு. ஆண்டவரே இரக்கமாயிரும், ஆண்டவரே இரக்கமாயிரும். யாஸ்னா, இரண்டாவது சுற்றில் நான் அதை எண்ணுவதையே மறந்துவிட்டேன், கல்யாணப் பெண்ணாக நான் ஆடிய நாள் மாதிரி இருந்தது, உன் அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் என் இடது கை நெரிபட்டது. திரும்பினேன். தெசாங்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் நெற்றி முழுக்க வியர்வை, குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் இரண்டு முழங்கால்களையும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். அந்த முழங்கால் எனக்குத் தெரியும். "போதும்டீ ரட்மிலா, நிறுத்தச் சொல்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். நான் தலையை ஆட்டியிருந்தால் அக்கார்டியன்காரன் அங்கேயே முடித்திருப்பான். நான் இன்னொரு நோட்டை எடுத்துச் செருகினேன், "வேகமா!" என்றேன். அவளால் கையை உதற முடியாது, சங்கிலி அறுந்தால் கல்யாணம் அறும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் அவள்தானே. விடுங்க அண்ணி, ஓடுங்க என்று நான் சொல்லவில்லை. அவள் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு இன்னும் உயரமாகக் குதித்தேன். "கெஞ்சிக் கேக்கறேன்டீ" என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. வெளிர் ரோஜா சாட்டினில் ஒரு பக்கம் கருத்து இறங்குவதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே ஆடினேன், மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இசை நின்றதும் அவள் செய்த காரியத்தைக் கேள். யாரும் திரும்புமுன் பக்கத்து மேஜையில் இருந்த சிவப்பு ஒயின் குவளையை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டு "ஐயையோ, பாத்தீங்களா என் கையை!" என்று சிரித்தாள். மண்டபமே சிரித்தது, உன் அப்பா "எங்க அக்கா கொட்டிட்டா!" என்று கத்தினார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கை தடுமாறவில்லை யாஸ்னா, எங்கே ஊற்ற வேண்டுமோ அங்கே ஒரு சொட்டுத் தப்பாமல் ஊற்றியது. ஞானஸ்நானச் சூப், துக்க வீட்டுக் காப்பி, ஜனவரியில் என் நைலான் பையைப் பார்த்துச் சிரித்தபோது கவிழ்த்த ஒயின், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கக்கூசுக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "நாப்பது வயசுக்கு முன்னாடியே, ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம்" என்றாள். செங்கல்? "இன்னிக்குக் காலையிலகூட உக்காந்தேன்." இத்தனை வருஷம் உனக்கே பலிக்காத செங்கல்லை எனக்கு ஏன் கொடுத்தாய் என்றேன். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் "நான் மட்டும் எதுக்குத் தனியா உக்காரணும்" என்றாள்.

மாற்றுப் பாவாடை என்னிடம் இருக்கிறது என்றேன். கதவுக்குக் கீழே ஒரு கை நீண்டது. உடனே கொடுக்கவில்லை. எனக்கு நாற்காலியில் பை விரித்தாயே, அன்று என் குறையை எல்லோர் முன்னாலும் சொன்னாயே, இன்று உன் குறையைச் சொல்லு என்றேன். "என்னடீ சொல்லணும்" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். "எனக்குச் சொட்டுது" என்றாள். இசை சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தது. இன்னொரு தடவை சொன்னாள், அறுபது தாண்டிய பெண் கக்கூசுக்குள் நின்று அழுதுகொண்டே சொல்வதை நான் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பாவாடையைக் கொடுத்தேன். பாவாடையின் இடுப்பு அவளுக்குத் தளர்ந்து தொங்கியது, ஊக்குக் குத்திக்கொண்டாள். ஸோராவைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்று வீட்டுப் புனிதர் மேல் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்தேன். காப்பாற்றியும் வருகிறேன், உன் அப்பாவுக்குத் தெரியாது, ஒக்னெனுக்குத் தெரியாது, அஞ்சேலியாவுக்குக்கூடத் தெரியாது. பாவாடையைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பிவிட்டாள். நான் மறுபடியும் துவைத்தேன்.

நீ இந்த ஊரில் இல்லை, அதனால் உன்னிடம் சொல்வதில் சத்தியத்துக்குப் பழுதில்லை. போட்டோக்களில் ஆட்டத்தின் படம் ஒன்று இருக்கிறது, முன்னால் நிற்பது உன் அம்மா, அதைக் கண்ணாடி போட்டு மாட்டு. இனி உனக்கு. போன வருஷம் நீ சின்னவன் பின்னால் ஓடும்போது பாதியில் நின்று கால்மேல் கால் பின்னிக்கொண்டதை நானும் பார்த்தேன், ஆனால் நான் யாரிடமும் போய் அழவில்லை. உனக்கு இன்னும் விலக்கு நிற்கவில்லை, நின்ற பிறகு என்னை நினைத்துக்கொள்வதற்குப் பதில் இப்போதே இழு, பஸ்ஸில் இழு, பாத்திரம் தேய்க்கும்போது இழு, மூச்சை அடக்காதே, கீழே முக்காதே. படிக்கட்டில் தாராளமாக உட்கார், ஒன்றும் ஏறாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அத்தைக்குப் போன் செய். அம்மா எல்லாம் எழுதிவிட்டாள் என்று சொல்லு. வசந்தத்தில் அவள் பேத்தி கல்யாணம் வருகிறது, அதற்கும் இப்போதே சாட்டின் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். எனக்குச் சொன்னாயே, அதே இனிமையான குரலில், ஒரு வார்த்தை மாற்றாமல் அவளுக்கும் சொல்லு: உனக்கு எதுக்கு வீண் சங்கடம் அத்தை, நீ உக்காந்து கை தட்டு, அதுவும் அழகுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம், மூன்றாவது முத்தம் நீ வந்து வாங்கிக்கொள். புனித யோவான் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, நான் திங்கட்கிழமை காலையில் அவளைப் பார்க்கப் போவேன், சொன்னாயா இல்லையா என்று அவள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

உலர்ந்த ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ரட்மிலா